பணம் நொடியில் போகிறது, நம்மவர் வாசலில் நிற்கிறார்



பணக்கார நாட்டில்தான் பணம் சுலபமாகக் கைமாறும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது உண்மையல்ல. உலகத்தின் பெரிய பணக்கார நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குச் சாதாரண வழியில் பணம் போய்ச் சேர இன்றும் ஒன்று முதல் மூன்று வேலை நாள் ஆகலாம். அவசரம் என்றால் 'வயர்' முறையில் அனுப்பலாம். அதற்கு வங்கி இருபது முப்பது டாலர் பிடித்துக்கொள்ளும். வீட்டு வாடகையைக் காசோலையில் கொடுப்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கமே தான் கொடுக்கும் காகிதக் காசோலைகளை நிறுத்த 2025-இல்தான் உத்தரவு போட்டது!

இப்போது பிரேசிலைப் பாருங்கள். நம்மைப் போல ஏழைகளும் தோட்டங்களும் நிறைந்த நாடு. அங்கே 2020 நவம்பரில் 'பிக்ஸ்' என்ற முறை தொடங்கியது. இரவு பகல், ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கிடையாது. கைத்தொலைபேசி எண்ணைத் தட்டினால் சில நொடிகளில் பணம் போய்விடும். தனிமனிதர்களுக்குக் கட்டணம் இல்லை.

இந்தியாவில் 2016 ஏப்ரலில் 'யூபிஐ' அறிமுகமானது. இன்று சென்னையில் டீக்கடைக்காரர் கூட கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவரும் பயன்படுத்தும்படி 2022 மார்ச்சில் 'யூபிஐ 123பே' என்று தனியாக ஒரு வழியே திறந்தார்கள்.

அமெரிக்காவிடம் இல்லாத கம்ப்யூட்டர் பிரேசிலிடம் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். இதற்கும் நம் தோட்டத்துக்கும் புறநகர் அடுக்குமாடி வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நிறைய சம்பந்தம் இருக்கிறது.

கட்டளை போட்டது யார்?

பிரேசிலில் 'பிக்ஸ்' முறையைக் கட்டியதும் நடத்துவதும் அந்த நாட்டின் மத்திய வங்கி. ஐந்து லட்சத்துக்கு மேல் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியும் கட்டாயம் சேர வேண்டும் என்று அது சட்டம் போட்டது. "எங்களுக்கு இதில் லாபம் இல்லையே" என்று சொல்ல வங்கிகளுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் முயற்சியால் 2008-இல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அமைந்தது. யூபிஐ முறையை உருவாக்கியது அதுதான். 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அரசு விதித்தது.

இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இணையம் வழி அனுப்பிய பணமும் மூன்று வேலை நாள் கழித்துத்தான் சேரும். 2000-ஆம் ஆண்டில் அரசு நியமித்த விசாரணை ஒன்று வங்கிகளின் பணப்பட்டுவாடா முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. அதன் பிறகு நெருக்குதல் தொடர்ந்து, 2008 மே மாதத்தில் 'ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ்' பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்றியது: யூரோ நாடுகளின் வங்கிகள் பத்து நொடிக்குள் பணம் அனுப்பும் வசதி தரவேண்டும், அதற்குச் சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகமாக ஒரு காசும் வாங்கக்கூடாது.

அமெரிக்காவில் என்ன நடந்தது? அங்கும் மத்திய வங்கி 2023 ஜூலையில் 'ஃபெட்நவ்' என்ற உடனடி முறையைத் திறந்தது. ஆனால் சேருவதும் சேராததும் வங்கிகளின் விருப்பம் என்று விட்டுவிட்டது. பெரிய வங்கிகள் தங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாக 'ஸெல்' என்ற வேறு முறையை நடத்துகின்றன. வங்கிக் கணக்கு இல்லாத ஏழைத் தொழிலாளி, சம்பளக் காசோலையைத் தெருக்கடையில் கொடுத்து, கழிவு போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு போகிறார்.

கென்யா இன்னொரு பாடம். அங்கே 2007 மார்ச்சில் 'எம்-பெசா' வந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் பெட்டிக்கடையில் ரொக்கத்தைக் கட்டி, தொலைபேசி வழியாகக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். கோடிக்கணக்கான மக்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதை நடத்துவது ஒரு தனியார் தொலைபேசி நிறுவனம். தொகைக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. வசதி வந்தது, விலையும் சேர்ந்து வந்தது.

ஆக, பணம் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதை நாட்டின் செல்வமோ வங்கிகளின் கருணையோ முடிவு செய்வதில்லை. அரசும் மத்திய வங்கியும் யாருக்காகக் கட்டளை போடுகின்றன என்பதுதான் முடிவு செய்கிறது. கட்டளை போட வைப்பது மக்களின் குரல்.

நம் நாட்டில் நிலைமை என்ன?

குறை சொல்லும் முன்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் மலேசியா பின்தங்கிய நாடு அல்ல.

2013 மே மாதத்துக்கு முன்பு, இணையம் வழியாக ஐபிஜி முறையில் வேறு வங்கிக்குப் பணம் அனுப்ப 2 வெள்ளி வரை பிடித்தார்கள். பேங்க் நெகாரா தலையிட்டு அதை 10 சென்னாகக் குறைத்தது. 2015-இல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் விதித்து, மக்களையும் நிறுவனங்களையும் காகிதத்திலிருந்து நகர்த்தியது. 2018 ஜூலை 1 முதல் 5,000 வெள்ளி வரையிலான உடனடிப் பரிமாற்றத்துக்கு இருந்த 50 சென் கட்டணத்தை வங்கிகள் நீக்கின. அதே ஆண்டு டிசம்பரில் 'டுயிட்நவ்' வந்தது. கணக்கு எண் தெரிய வேண்டியதில்லை. கைத்தொலைபேசி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ போதும்.

இந்த வகையில் நாம் அமெரிக்காவைவிட முன்னேறியிருக்கிறோம். தைப்பிங்கில் இருக்கும் அம்மாவுக்குக் கிள்ளானிலிருந்து மகள் 50 வெள்ளி அனுப்பினால் ஒரு சென் கூடக் குறையாமல் அடுத்த நொடி சேர்கிறது. தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இதுவும் பேங்க் நெகாரா அழுத்தம் கொடுத்ததால் வந்ததே தவிர, வங்கிகள் தாமாக முன்வந்து கொடுத்த பரிசு அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள்.

எல்லை தாண்டும் காசு

ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூருக்குள் 2014 மார்ச்சிலிருந்து 'ஃபாஸ்ட்' முறையும், 2017 ஜூலையிலிருந்து 'பேநவ்' முறையும் இருக்கின்றன. ஆனால் பாலத்தைத் தாண்டிப் பணம் வர வேண்டுமென்றால், பல காலம் நாணயமாற்றுக் கடையில் வெள்ளியை மாற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அல்லது பணம் அனுப்பும் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டினார்கள்.

2023 நவம்பரில் பேநவ்வும் டுயிட்நவ்வும் இணைக்கப்பட்டன. ஒரு நாளைக்கு 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, இங்கிருந்து அனுப்பினால் 3,000 ரிங்கிட் வரை, தொலைபேசி எண்ணை வைத்தே அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். எல்லா வங்கியும் முதல் நாளே சேரவில்லை. உங்கள் வங்கி அதில் இருக்கிறதா, என்ன நாணய விகிதம் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். 'கட்டணம் இல்லை' என்று பலகை போட்டுவிட்டு நாணய விகிதத்தில் எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை. அனுப்பும் முன்பு அம்மாவின் கையில் எத்தனை ரிங்கிட் சேரும் என்று பாருங்கள். கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கும் இதே கதைதான். அந்தக் காலத்தில் பினாங்கிலும் ஈப்போவிலும் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் உண்டியல் எழுதிக் கொடுத்தால் காரைக்குடியில் பணம் கிடைக்கும். வாக்குதான் மூலதனம். இன்றைக்கு உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்வது 2011-ஆம் ஆண்டின் பணச்சேவைத் தொழில் சட்டப்படி குற்றம். உங்கள் பணம் தொலைந்தால் புகார் செய்யவும் வழியிருக்காது.

சிங்கப்பூரும் இந்தியாவும் 2023 பிப்ரவரியில் பேநவ்வையும் யூபிஐயையும் நேரடியாக இணைத்துவிட்டன. 1937-இல் செட்டிநாட்டு முதலீட்டில் பிறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்தது. மலேசியா, இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மத்திய வங்கிகள் 'நெக்சஸ்' என்ற பொதுப் பாலம் கட்ட 2024-இல் உடன்பட்டன. நம் நாட்டு உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அந்தப் பாலம் மிக அவசியம். உலகளவில் 200 டாலர் அனுப்பச் சராசரியாக ஆறு விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது என்பது 2024-இல் உலக வங்கியின் கணக்கு. 2030-க்குள் அதை மூன்று விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவதாக ஐக்கிய நாடுகள் சபையில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இதுவரை வேகத்தையும் விலையையும் பேசினோம். இனிமேல்தான் நம் வயிற்றில் அடிக்கும் விஷயம் வருகிறது.

வாசலில் நிற்பவர்கள்

நொடியில் பணம் வந்து சேரும் முறை எவ்வளவு அற்புதமாக இருந்தாலும், வந்து சேர ஒரு கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க அடையாள ஆவணம் வேண்டும். 2001-ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்வது வங்கியின் கடமை. 20 வெள்ளியில் திறக்கக்கூடிய அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கும்தான்.

இந்த மண்ணில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனதால், பெற்றோரின் திருமணம் பதியாமல் போனதால், தத்து எடுத்ததைச் சட்டப்படி முறைப்படுத்தாததால், எந்த அடையாள அட்டையும் இல்லாமல் வாழும் நம் மக்கள் இருக்கிறார்கள். இவர்களும் வேலைக்குப் போகிறார்கள். பாத்திரம் கழுவுகிறார்கள், லாரியில் மூட்டை ஏற்றுகிறார்கள், செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். சம்பளம் எப்படி வருகிறது? கையில் ரொக்கமாக, ரசீது இல்லாமல். இல்லையென்றால் அண்ணன் கணக்கிலோ, மண்டோர் கணக்கிலோ, கொன்ட்ராக்டர் மனைவியின் கணக்கிலோ!

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, சம்பளம் முழுவதும் தொழிலாளியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில், அல்லது அவர் பிறரோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கில் போடப்பட வேண்டும். ரொக்கமாகவோ காசோலையாகவோ கொடுக்க வேண்டுமென்றால் தொழிலாளியே எழுத்து மூலம் கேட்க வேண்டும். தொழிலாளியின் பெயரே இல்லாத வேறொருவர் கணக்கில் சம்பளம் போடுவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

ஒரு கையால் "சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும்" என்கிறது சட்டம். மறு கையால் "ஆவணம் இல்லாத உனக்குக் கணக்குக் கிடையாது" என்கிறது. நடுவில் நசுங்குவது யார்? சம்பளம் வாங்கியதற்கு அத்தாட்சி இல்லாததால், கொடுக்காமல் விட்ட இரண்டு மாதச் சம்பளத்துக்கு அவரால் புகார் செய்யவும் முடிவதில்லை.

மற்ற நாடுகள் இதற்கு என்ன செய்தன என்று பாருங்கள். இந்தியாவில் முறையான ஆவணம் இல்லாதவர், வங்கி அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, புகைப்படம் கொடுத்து 'சிறு கணக்கு' திறக்கலாம். அதில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக்கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது. பன்னிரண்டு மாதம் செல்லும். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். பணச்சலவைப் பயமும் தீர்ந்தது, ஏழைக்கு வாசலும் திறந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ஆம் ஆண்டின் சட்ட ஆணைப்படி, சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாதவருக்கும், அடைக்கலம் கேட்டு வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு.

அடைக்கலம் கேட்டு வந்தவருக்கே அங்கே கணக்கு உண்டு. இந்த நாட்டில் பிறந்து, பாட்டன் பூட்டன் பால்மரம் வெட்டிய மண்ணில் வாழ்பவருக்கு இங்கே கணக்கு இல்லை. இந்த ஒப்பீட்டை எடுத்துக்கொண்டு நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போங்கள். தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு, வரம்போடு கூடிய சிறு கணக்கு ஒன்றைப் பேங்க் நெகாரா ஏன் அனுமதிக்கக்கூடாது? இதற்குப் பெரிய செலவும் இல்லை. குடியுரிமைப் பிரச்சினை தீரும் வரை ஒருவர் சம்பளம் வாங்காமல் காத்திருக்க முடியுமா?

கார்டைக் கொடுக்காதீர்கள்!

கணக்கு இருப்பவர்களுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஆலோங்கிடம் கடன் வாங்கும்போது ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் பிணையாகக் கொடுத்துவிடும் வழக்கம் நம் மக்களிடம் பரவிக் கிடக்கிறது. சம்பளம் விழுந்த அன்றே வட்டிக்காரன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறான். சில இளைஞர்கள் இருநூறு முந்நூறு வெள்ளிக்குக் கணக்கையே 'வாடகைக்கு' விடுகிறார்கள். மோசடிக் கும்பல் ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடுகிறது. மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள். கழுதைக் கணக்கு. சுமை திருடனுடையது, அடி கழுதைக்கு!

பணம் மெதுவாக நகர்ந்த காலத்தில் ஒருவர் சுதாரித்துக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது உங்கள் கணக்கில் விழுந்த பணம் பத்து நிமிடத்தில் நான்கு கணக்கு மாறிவிடும். போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். 2024 இறுதியில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, சட்டப்பூர்வமான காரணம் இல்லாமல் தன் கணக்கையோ கார்டையோ பிறர் கட்டுப்பாட்டில் விடுவதே தனிக் குற்றம். "எனக்கு ஒன்றும் தெரியாது, கடனுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லித் தப்புவது இனி கடினம்.

உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி குற்றம் என்பதையும், அப்படிப்பட்ட கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்டு ஏற்கெனவே அவன் கையில் இருந்தால், வங்கிக்குப் போய் அதை முடக்கிப் புதிய கார்டு எடுங்கள். மிரட்டல் வந்தால் போலீஸ் புகார் செய்யுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் ஊர்த் தலைவரையோ, வழக்கறிஞரையோ, பொதுச்சேவை அமைப்பையோ அழைத்துக்கொண்டு போங்கள்.

இங்கே அரசுத் தரப்புக்கும் ஒரு வார்த்தை. கழுதையைப் பிடித்து உள்ளே தள்ளுவது சுலபம். கழுதையை ஓட்டுகிறவனைப் பிடித்த கணக்கு எவ்வளவு? கடனில் மூழ்கிய துப்புரவுத் தொழிலாளியையும், திட்டமிட்டுக் கணக்குச் சேகரிக்கும் கும்பலையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

பூட்டு யார் பொறுப்பு?

வேகமான பணத்துக்கு வலுவான பூட்டு வேண்டும். இங்கேதான் நாடுகளுக்குள் பெரிய வித்தியாசம்.

இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. ஏமாற்றுக்காரனை நம்பித் தானே பணம் அனுப்பிய வாடிக்கையாளருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. ஏமாந்தவர் மிகவும் அலட்சியமாக நடந்துகொண்டார் என்றால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அடிப்படை அதுதான். இழப்பு தன் பையைத் தொட்டதும் வங்கி விழித்துக்கொள்கிறது. மோசடிக்காரனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியும் பதில் சொல்கிறது.

பிரேசில் 2021-இல் மோசடிப் பணத்தைத் திருப்புவதற்கென்றே தனி வழிமுறை வைத்தது. கடத்தி மிரட்டிப் பணம் அனுப்ப வைக்கும் கொடுமை பெருகியதும், இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை தனிமனிதர்களுக்கு 1,000 ரியால் வரம்பு வைத்தது. வேகத்தைக் கொடுத்த மத்திய வங்கியே தேவையான இடத்தில் பிரேக்கும் போட்டது.

சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் வந்த பொறுப்புப் பகிர்வு விதி வங்கிகளையும் தொலைபேசி நிறுவனங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் அது போலி இணையத் தளம் வழியாக நடக்கும் திருட்டுக்குத்தான். நீங்களே நம்பி அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது.

நம் நாட்டில் 2022-இல் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் வழி ஓடிபியைக் கைவிடும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒருவருக்கு ஒரே ஒரு தொலைபேசிதான் என்று கட்டுப்பாடு வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் 997 என்ற எண்ணோடு தேசிய மோசடித் தடுப்பு மையம் வந்தது. நல்ல நடவடிக்கைகள்தான். ஆனால் நம்பி ஏமாந்து அனுப்பிய பணத்தின் சுமை இன்னும் பெரும்பாலும் ஏமாந்தவர் தோளில்தான் கிடக்கிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை ஒரே மாலையில் தொலைத்த ஐம்பத்தைந்து வயது பாதுகாவலரிடம் "நீங்கள்தானே அனுப்பினீர்கள்" என்று சொல்லிக் கையை விரிப்பது நியாயமா? அந்தப் பணத்தை வாங்கிய கணக்கைத் திறந்து கொடுத்தது ஒரு வங்கிதானே?

தவறான எண்ணுக்குப் பணம் போய்விட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தவறுதலாகத் தனக்கு வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும். 'கிடைத்தது அதிர்ஷ்டம்' என்று வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அதேபோல், முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டு "இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றால் நீங்களாக அனுப்பாதீர்கள். உங்கள் வங்கி வழியாகத்தான் திருப்ப வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

ஒன்று: அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போருக்கு வரம்போடு கூடிய சிறு கணக்கு. இந்தியாவால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

இரண்டு: நம்பி ஏமாந்தவருக்கும் இழப்பீடு. இங்கிலாந்து போல, அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சுமையைப் பகிர வேண்டும்.

மூன்று: வேலைவாய்ப்புச் சட்டத்தின் 25-வது பிரிவைத் தோட்டத்திலும் குத்தகைத் தொழிலிலும் தொழிலாளர் இலாகா நேரில் போய்ச் சோதிக்க வேண்டும்.

நான்கு: இந்தியாவோடு நேரடி இணைப்பு சீக்கிரம் வர வேண்டும், நாணய விகிதத்தில் மறைத்து எடுப்பதை நிறுத்த வேண்டும்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. சம்பளம் உங்கள் பெயர் உள்ள கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள்; அது இலவசம். அனுப்பும் முன்பு திரையில் வரும் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். மோசடி என்று தெரிந்த அந்த நிமிடமே வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் கைமாறிப் போய்விடும். வங்கி கொடுத்த பதில் நியாயமில்லை என்றால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாத நியாயம் அலுவலக மேசையில் நிற்காது.

உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ ஆவணம் இல்லாததால் கணக்குத் திறக்க முடியாதவர் இருந்தால், அவருடைய விவரத்தை எழுதி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒருவர் கொடுத்தால் அது தனிப்பட்ட விண்ணப்பம். நூறு பேர் கொடுத்தால் அது கோரிக்கை. 2013-இல் இரண்டு வெள்ளியைப் பத்து சென்னாக்கிய அதே பேங்க் நெகாராவால் இந்த வாசலையும் திறக்க முடியும்.